அடுத்தவன் சாவுக்கு அடித்தது போதும்

தோழர்களே,

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையில் உப்பளங்களைத் தாண்டினால் காடு தொடங்கும். பனிக்காலத்தில் வலசை வரும் பூநாரைகளையும், காட்டில் திரியும் வெளிமான்களையும் பார்க்கக் கார்கள் வரும். அந்தக் கார்களில் வருகிறவர்கள் வழியில் இருக்கும் சேரிகளைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் நாம் இல்லை. நமக்கென்று வேறு பட்டியல் இருக்கிறது.

அப்படியொரு தெருவில் கொஞ்ச நாளுக்கு முன் நடந்தது இது. ஊர்த்தெருவில் ஒரு சாவு. ஆள் வந்து, எட்டி நின்றபடியே சேதி சொல்லிவிட்டுப் போய்விட்டான். அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். திண்ணையில் அவருடைய தம்பி மகன். கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறான். அவன் செல்போனில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் பறைதான் அதிர்ந்தது. கூடவே கிதார், சட்டி, மூச்சு விடாமல் சொல்லடுக்கிப் பாடும் ஒரு குரல்.

"கேட்டீங்களா பெரியப்பா? நீங்க அடிக்கிற அடிதான் இது. அங்க அடிக்கிறவன் மேடையில நிக்கிறான். நீங்க பொணத்துக்கு முன்னால தெருவுல நடக்குறீங்க."

"மேடையில நிக்கிறவனுக்கு மேடைக் காசு. எனக்கு இந்தக் காசுதான்."

"போவாதீங்க. மாட்டேன்னு சொல்லிடுங்க."

"சொல்லிடலாந்தான். நாளைக்கு எவன் வயல்ல போயி வேல கேக்குறது? நீ பஸ் ஏறிக் காலேசுக்குப் போயிடுவ. ஒங்க பெரியம்மா இங்கதான இருக்கணும்?"

பையன் பதில் சொல்லவில்லை. பெரியவர் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தத் தலையங்கத்தை அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறோம்.

பையன் கேட்டது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாட்டு. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அந்தக் குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பத்தொன்பது பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, சட்டி, கட்டமோளம் அடிக்கிறவர்கள், கிதார் வாசிக்கிறவர்கள். பெரும்பாலானவர்கள் வடசென்னையின் தெருக்களில் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பாடி வளர்ந்தவர்கள். அதே ஆண்டு வந்த அவர்களுடைய முதல் தொகுப்பின் பெயர் 'மகிழ்ச்சி'.

குழுவின் பெயர் நேற்று முளைத்ததல்ல. 'சாதியற்ற தமிழர்' என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து (1845-1914) எடுத்தது. அவர் 1907-இல் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். விலையும் ஒரு பைசா. நம்மைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அவர்தான் மூத்தவர். நூறாண்டுக்கு மேல் கழித்து அந்தச் சொல்லை ஒரு ராப் குழு நெற்றியில் எழுதிக்கொண்டு வந்தது சாதாரண காரியமில்லை.

"ராப்பு வெள்ளக்காரன் நாட்டுச் சரக்கு, நமக்கெதுக்கு?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். அது வெள்ளைக்காரன் சரக்கல்ல. நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின மக்களும் போர்ட்டோரிகோ மக்களும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்கள் குடியிருப்புகளின் நடுவே பெரிய நெடுஞ்சாலையை வெட்டி ஆயிரக்கணக்கானோரை நகரம் பெயர்த்தெறிந்தது. கூவக் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கி எறியப்பட்ட நம் சனங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிராங்க்ஸில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் தன் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டு போட்டான். பாட்டில் மேளம் மட்டும் தனியாக ஒலிக்கும் இடம் சில நொடிகளில் முடிந்துவிடும். சனங்கள் ஆடத் துடிப்பதோ அந்த இடத்தில்தான். இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்த மேளத்தை மட்டும் அவன் நீட்டிக்கொண்டே போனான். டிஜே கூல் ஹெர்க் என்று உலகம் அறிந்த அவனிடமிருந்து ஹிப்-ஹாப் பிறந்ததாக வரலாறு சொல்கிறது. அதாவது, அந்த இசையின் தொப்புள்கொடி மேளத்தில் இருக்கிறது. நமக்கு அது அந்நியமா?

இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972-இல் பம்பாயில் தலித் பாந்தர் இயக்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு ஹிப்-ஹாப். சேரியும் கறுப்பர் குடியிருப்பும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருப்பது ஐம்பது வருடப் பழக்கம்.

தமிழில் ராப் முதலில் கடல் கடந்துதான் ஓங்கி ஒலித்தது. மலேசியாவின் 'யோகி பி & நட்சத்ரா' குழு 2006-இல் 'வல்லவன்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. நம் நாகப்பட்டினத் துறைமுகத்தில் கப்பலேறி மலேயாவின் ரப்பர்க் காடுகளுக்குப் போனவர்களில் சேரிச் சனங்கள் ஏராளம். அந்தத் தோட்டத்துத் தமிழும் நகரத்துக் கோபமும் கலந்த காற்று திரும்ப இந்தக் கரைக்கு வீசியபோது, இங்கே ஒரு தலைமுறை காதைத் தீட்டிக்கொண்டது. ஆனால் இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கர், சேரி என்று ஒரு முழுக் குழுவாக நின்று பெயர் சொல்லிப் பாடிய ராப் மேடை 2018-இல்தான் நமக்குக் கிடைத்தது.

இப்படிச் சொல்வதால் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கீழ்வெண்மணி இந்த மாவட்டத்து மண். கூலியாக நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். 1973-இல் உயர்நீதிமன்றம் பண்ணையாரை விடுதலை செய்தது. அந்தத் தீயிலிருந்து கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை, கே.ஏ. குணசேகரன் தன் வெண்கலக் குரலில் ஊர் ஊராகப் பாடினார். கேசட்டில் பதிந்து, அந்தக் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்குப் பதிந்து, நாடா தேயும்வரை கேட்டவர்கள் நாம். மதுரையில் தியாஃபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் விடுதலைப் பாட்டுக் கட்டினார். 2016-இல் இன்குலாபும் குணசேகரனும் நம்மை விட்டுப் போனார்கள். 'மகிழ்ச்சி' அவர்கள் விட்ட இடத்திலிருந்து எழுந்த குரல். ஆனால் அந்தப் பழைய பாட்டுக்கும் இந்தப் புதிய பாட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

'மனுசங்கடா' என்று நாம் சொன்னது அவனைப் பார்த்து. நானும் மனுசன், ஒத்துக்கோ என்று. அது தேவையான கோபம். இன்றும் தேவைப்படுகிறது. புதிய தொகுப்போ தன் பெயரை 'மகிழ்ச்சி' என்று வைத்துக்கொண்டது. யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. இவர்கள் அழுவார்கள், அதைப் பார்த்து நாமும் கொஞ்சம் கண் கலங்கலாம் என்று வந்து உட்கார்ந்திருந்த முற்போக்குக் கனவான்களுக்கு அது ஒரு அதிர்ச்சி. "ஒடுக்கப்பட்டவன் சந்தோசமா இருந்தா அப்புறம் ஒடுக்குமுறை எங்க இருக்கு?" என்று கேட்பவனுக்குப் பதில் எளிது. சேரியின் சந்தோஷம்தான் ஆதிக்கச் சாதிக்காரனின் கண்ணை முதலில் உறுத்துகிறது. புதுச்சட்டை உறுத்துகிறது. பைக் உறுத்துகிறது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை குதிரையேறுவது உறுத்துகிறது. நாம் சாவில் அடிக்கும்போது அவனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

இந்தத் தஞ்சைச் சீமையை இசைக்குப் பேர்போன மண் என்பார்கள். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளும் பிறந்தது திருவாரூரில். திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆராதனை. சரி, இந்த மண்ணின் இசை அவ்வளவுதானா? நாற்றுப் பறித்தவள் பாடியது இசையில்லையா? நடவில் குனிந்தவள் போட்ட குலவை? ஒப்பாரி? தப்பு? இவற்றையெல்லாம் 'சத்தம்' என்று ஒதுக்கிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சபாவில் தொடையில் வைத்து வாசிக்கும் மிருதங்கமும் தோல்தான். பசுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும். அதை உரித்து, பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டிக் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். தஞ்சாவூரில் தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழில் செய்த குடும்பங்கள் உண்டு. இதை டி.எம். கிருஷ்ணா 2020-இல் புத்தகமாக எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் உள்ளே போகலாம், தோலைப் பற்றிய பேச்சு போகக் கூடாது! மிருதங்கமாகிவிட்டால் மாட்டுத்தோல் புனிதம். தப்பாகிவிட்டால் தீட்டு. தட்டில் மாட்டுக்கறியாகிவிட்டால் கொலைக் குற்றம். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாட்டுக்கறியைப் பாட்டில் வைத்தபோது இந்தக் கள்ளக்கணக்கைத்தான் கிழித்தது.

இப்போது திண்ணைக்கு வருவோம்.

பறையை விட்டொழிப்பதா, ஏந்துவதா? இந்த விவாதம் நம் இயக்கங்களில் முப்பதாண்டுகளாக நடக்கிறது. "அது அடிமைத் தொழில், தூக்கி எறி" என்றார்கள் ஒரு சாரார். எறியத் துணிந்தவர்கள் பல ஊர்களில் அடிபட்டார்கள், வேலை இழந்தார்கள். "அது ஆதி இசை, போர்ப்பறை, விடுதலையின் கருவி" என்றார்கள் மறு சாரார். அவர்களால் கல்லூரி மேடைக்குப் பறை வந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் தோலைப் பார்த்தே வாதாடினார்கள். அடிக்கிற கையின் மேல் யாருக்கு அதிகாரம் என்பதல்லவா கேள்வி? எப்போது அடிப்பது, யாருக்கு அடிப்பது, என்ன கூலிக்கு அடிப்பது, எப்போது 'மாட்டேன்' என்பது, இவற்றை முடிவு செய்கிறவன்தான் அந்தப் பறைக்குச் சொந்தக்காரன். பெரியவரின் தோளில் தொங்குவது அவருடைய தப்பு அல்ல, ஊருடைய தப்பு. மேடையில் அந்தப் பையன்களின் கையில் இருந்தது அவர்களுடைய பறை. தோலும் ஒன்று, அடியும் ஒன்று. அதிகாரம் வேறு.

இதை நம் மாவட்டத்துச் சாவுகள் நமக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கின்றன. 2016 ஜனவரியில், அப்போது நாகை மாவட்டத்தில் இருந்த திருநாள்கொண்டச்சேரியில் நம் முதியவர் ஒருவர் இறந்தார். பொதுப்பாதை வழியே உடலைக் கொண்டுபோக உயர்நீதிமன்றமே உத்தரவிட்டது. உத்தரவை நிறைவேற்ற வேண்டிய போலீசே உடலைக் கைப்பற்றி வேறு வழியாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தது. அவர்கள் சாவுக்கு நம் தப்பு வேண்டும். நம் சாவுக்கு அவர்கள் தெரு கிடையாது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

'மகிழ்ச்சி' வந்த 2018-இல்தான் நவம்பர் 16 விடியுமுன்னே கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னை சாய்ந்தது, குடிசை பறந்தது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவனிடம் காசு கொடுத்து செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிய பையன்கள், சொந்தக்காரர்களுக்குப் பேசியதுபோக மிச்சமிருந்த சார்ஜில் பாட்டுக் கேட்டார்கள். மறு ஆண்டு, 2019 ஆகஸ்ட் 25 அன்று வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையைக் கும்பலாக வந்து உடைத்தார்கள். மறுநாளே அரசு புதுச்சிலை வைத்துவிட்டது. சிலையை ஒரு ராத்திரியில் மாற்றலாம். உடைத்த கையை வளர்த்த புத்தியை என்ன செய்வது? அந்த நாட்களில் நம் தெருக்களில் அந்தக் குழு அம்பேத்கரைப் பற்றிப் பாடியதைத்தான் பையன்கள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அது மருந்தல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனால் தலை குனியாமல் இருக்க ஒரு பிடி கொடுத்தது.

புகழ்ந்துகொண்டே போவது நம் வேலையல்ல. குறைகளையும் பேசுவோம்.

ஒன்று. அது சென்னையின் குரல். கானாவின் மொழி, ஹவுசிங் போர்டின் கோபம். உப்பளத்தில் கால் வெடித்தவளின் குரல் அதில் இல்லை. குத்தகை நிலத்திலிருந்து துரத்தப்பட்டவன் இல்லை. இது அவர்கள் குற்றமல்ல. நம் குரலை நாம்தான் பாட வேண்டும்.

இரண்டு. பத்தொன்பது பேரில் மேடையின் முன்னால் நின்று பாடிய பெண் என்று நாம் அறிந்தது இசைவாணியைத்தான். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் நுழைந்து பாடியவர். பி.பி.சி. 2020-இல் உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. சபரிமலைக்குப் பெண்கள் போகும் உரிமை பற்றி அவர் பாடிய பாட்டுக்காக, ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் போலீசில் புகார்கள், மிரட்டல்கள். ஒற்றைப் பெண்ணை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னால் நாம் கைதட்டினால் போதாது. நம் ஊர்த் தப்புக் குழுக்களில் எத்தனை பெண்கள்? வீட்டுக்குள் 'நீ தொடாதே' என்று மகளிடம் தப்பைப் பிடுங்கும் நாம், ஊர்க்காரனின் தீட்டைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?

மூன்று. பாட்டு யாருக்குச் சொந்தம்? அந்தக் குழுவில் பாடிய அறிவு, 2021-இல் தன் பாட்டி வள்ளியம்மாளின் இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்க்கையை வைத்து 'என்ஜாயி எஞ்சாமி' எழுதிப் பாடினார். உலகமே ஆடியது. அந்த ஆண்டே ஒரு இசைப் பத்திரிகை அட்டையில் அவர் படம் இல்லாமல் அந்தப் பாட்டின் புகழ் பேசப்பட்டது. 2022-இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தது, அறிவு இல்லை. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் ஒரு காசு வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நெல் நம்முடையது, களம் அவனுடையது என்ற பழைய கதைதான். மரக்கால் மட்டும் மாறியிருக்கிறது.

ஆகவே தோழர்களே, கேட்டு மகிழ்ந்தோம் என்று நிறுத்திக்கொள்ள முடியாது. செய்ய வேண்டியவை இருக்கின்றன.

கட்டாயத் தப்படிக்கு முடிவு கட்ட வேண்டும். பெரியவரைத் தனியாளாக 'மாட்டேன்' சொல்லச் சொல்லாதீர்கள். தனியாளின் 'மாட்டேன்' அவன் வயிற்றில்தான் விழும். தெருவே கூடி முடிவெடுக்கட்டும். வேலை மறுக்கப்பட்டால் அந்தக் குடும்பத்தைத் தாங்க, தெருவுக்கு ஒரு பொதுப்பணம் சேரட்டும். படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் அதில் முதலில் போட வேண்டும். பட்டியல் சாதியினரைக் கட்டாய ஊழியம் செய்ய வைப்பது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இதை எல்லாத் தெருவிலும் உரக்கப் படியுங்கள்.

அடுத்து, உங்கள் கையிலிருக்கும் செல்போனில் அம்மாவின் நடவுப் பாட்டை, ஆத்தாவின் ஒப்பாரியைப் பதிவு செய்யுங்கள். யார் பாடியது, எந்தத் தெரு, எந்த நாள் என்று எழுதி வையுங்கள். மெஷின் வந்து நடவையும் அறுப்பையும் எடுத்துக்கொண்ட பிறகு, பாட வாயிருந்தும் வயலில்லாமல் அந்தப் பாட்டுகள் செத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பாட்டின் மேல் பறையும் ராப்பும் ஏறட்டும். எவனாவது கம்பெனிக்காரன் வந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு வரிகூடக் கொடுக்காதீர்கள். பாடியவள் பெயர் முதலில் வரட்டும்.

ஏப்ரல் 14-க்கு அடியுங்கள். டிசம்பர் 25-இல் வெண்மணிக்கு அடித்துக்கொண்டு போங்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அடியுங்கள். பிள்ளை பரீட்சையில் தேறினால் அடியுங்கள். சமைந்த பெண்ணுக்கும் பிறந்த குழந்தைக்கும் அடியுங்கள். நம் சாவுக்கும் அடிப்போம், அது நம் துக்கம்.

அந்தப் பெரியவர் அன்று ராத்திரி திரும்பி வந்தார். பையன் தூங்கவில்லை. தப்பை ஆணியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பாட்ட இன்னொரு தடவ போடு" என்றாராம். கேட்டுவிட்டு, "அடி நல்லாருக்கு. ஆனா ரெண்டாவது அடி வேற மாதிரி வுழுவணும். நான் காட்டுறேன்" என்றாராம்.

அவருக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியும். நமக்குக் கேட்கத் தெரிய வேண்டும். தப்பைக் காய்ச்சுங்கள் தோழர்களே. எப்போது காய்ச்சுவது என்பதை மட்டும் இனி நம் தெரு முடிவு செய்யட்டும்.